வாட் கூடினால் குரல் எட்டுமா?

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் அமைந்திருப்பது சூரமங்கலத்தில். அதற்கு நடந்துபோகும் தொலைவில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்பதால், நடைமேடையில் ஒரு காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டி புறப்படும் நேரத்தில், கடைசிப் பெட்டியின் வாசலில் நிற்கும் ரயில் மேலாளர் (2022 தொடக்கம் வரை 'கார்டு' என்று அழைக்கப்பட்டவர்தான்) வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுவந்து ஓரிரு சொற்கள் பேசுகிறார். இருபத்து நான்கு பெட்டிகளுக்கு அப்பால், இன்ஜினில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் பதில் சொல்கிறார். வண்டி நகர்கிறது. நூற்றுக்கணக்கான பயணிகளின் பாதுகாப்பில் பங்கு வகிக்கும் அந்தக் கருவியின் அலைபரப்புத் திறன் 5 வாட். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கு அதைவிட அதிக மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

இந்த 'வாட்' எங்கள் பகுதிக் கோயில் விழாக் குழுவில் ஒரு பிரச்சினையாக வந்து நின்றபோதுதான் நான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டு ஆடித் திருவிழாவில் ஒரு சிறுமி கூட்டத்தில் தவறிப்போய், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே கிடைத்தாள். பெற்றோர் ஒரு தெருவில் தேட, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தன்னார்வலர் அடுத்த தெருவில் நின்றிருந்தார். இருவரிடமும் கைப்பேசி இருந்தது. ஆனால், ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடியதால் அழைப்பு எதுவும் போகவில்லை. எனவே இம்முறை தன்னார்வலர்களுக்கு வாக்கி-டாக்கி வாங்குவது என்று முடிவாயிற்று. இளைஞர்கள் இணையத்தில் பார்த்த விவரங்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 5 வாட், 8 வாட், 10 வாட். திறன் ஏற ஏற விலையும் ஏறியது. 'ஐயா, எட்டு வாட்டே வாங்கிவிடலாம், ஊர் முழுக்கக் கேட்கும்' என்றார் ஒருவர். குழுவின் பொருளாளர் நான். பொருளியல் ஆசிரியனுக்குப் பழக்கமான கேள்விதான் என் மனத்தில் எழுந்தது: கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு?

விடை எனக்குத் தெரியாது. இயற்பியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பரிடம் போனேன். அவர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். அவர் முதலில் கேட்டது திறனைப் பற்றியல்ல. 'எவ்வளவு உயரத்தில் நின்று பேசப்போகிறீர்கள்?' என்றார்.

கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. மத்திய அலை வானொலியின் அலைகள் தரையை ஒட்டிப் படர்ந்து தொலைதூரம் போகும். வாக்கி-டாக்கியின் அலைகளுக்கு அந்த இயல்பு மிகக் குறைவு. பூமி உருண்டை, ஆகவே பேசுபவரின் கண்ணுக்குத் தொடுவானம் இருப்பதுபோலவே அவருடைய அலைக்கும் ஒரு தொடுவானம் உண்டு. அதைக் கணக்கிட எளிய வாய்பாடு இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். தரையில் நிற்பவர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தால் அவருடைய தொடுவானம் 5 கி.மீ. எதிரில் நிற்பவருக்கும் அதே 5 கி.மீ. இருவருக்கும் இடையே 10 கி.மீ. இருக்கலாம், நிலம் கற்பலகைபோலத் தட்டையாக, வீடோ மரமோ இல்லாமல் இருந்தால். அப்படிப்பட்ட தெரு சேலத்தில் எங்கே இருக்கிறது? '20 கி.மீ. வரை கேட்கும்' என்று பெட்டியின் மேல் அச்சிடுபவர்கள், வாங்குபவர் ஒரு மலையுச்சியில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்போலும்.

இந்த வாய்பாட்டில் வாட் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடுவானத்துக்குக் கீழே இருப்பவருக்கு 5 வாட் எட்டாவிட்டால், 10 வாட்டும் பெரும்பாலும் எட்டுவதில்லை.

தொடுவானத்துக்குள் இருப்பவர்களுக்குத் திறன் பயன்படும். ஆனால், எந்த அளவுக்கு? தடையே இல்லாத வெளியில் தொலைவு இரு மடங்கானால் வந்துசேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். தரைக்கு அருகே நின்று பேசும்போது, நேரே வரும் அலையைத் தரையில் பட்டுத் திரும்பும் அலை பெருமளவு அழித்துவிடுவதால், அது பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதாவது, 5 வாட் கருவி எட்டும் தொலைவை இரட்டிப்பாக்க 80 வாட் வேண்டும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடியாது. 5 வாட்டை 10 வாட்டாக உயர்த்தினால் தொலைவு ஏறத்தாழ 19 சதவீதம் கூடும். எங்கள் இளைஞர்கள் கேட்ட 8 வாட்டுக்கோ 12 சதவீதம்தான். ஒரு கிலோமீட்டர் கேட்ட குரல் மேலும் 120 மீட்டர், இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் 'குறைந்து செல் விளைவு விதி' நடத்தியவனுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அகப்பட்டதில்லை. உரத்தை இரட்டிப்பாக்கினால் விளைச்சல் இரட்டிப்பாகாது என்பதை விளக்க எவ்வளவு கரும்பலகை நிரப்பியிருப்பேன்!

நண்பர் கணக்கோடு நிறுத்தவில்லை. உரிமம் பெற்ற இன்னொரு நண்பரை ஸ்கூட்டரில் ஐந்து ரோடு பக்கமாக அனுப்பிவிட்டு, தெருவில் நின்றபடி பேசத் தொடங்கினார். அவருடைய கருவியில் 1 வாட், 5 வாட் என இரு நிலைகள். 1 வாட்டில் பேசியபோது, ஸ்கூட்டர் பாதி வழியைத் தாண்டுவதற்குள் சொற்கள் உடைந்தன. 5 வாட்டுக்கு மாற்றியதும் மறுபடி தெளிந்து, சில தெருக்கள் தள்ளி மீண்டும் உடைந்தன. பிறகு மூன்றாம் மாடியின் மொட்டை மாடிக்கு ஏறினோம். கருவியைத் திரும்பவும் 1 வாட்டில் வைத்தார். ஐந்து ரோட்டில் நின்றவரின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல வந்தது. நாற்பத்தைந்து படிகள் ஏறியதற்கு என் முழங்கால்தான் விலை கொடுத்தது. காசு எதுவும் செலவாகவில்லை.

அன்று கற்ற இன்னொன்றை எந்த விற்பனை விளம்பரமும் சொல்வதில்லை. திறன் வாய்க்கு மட்டுமே வலு சேர்க்கிறது, காதுக்குச் சேர்ப்பதில்லை. என்னிடம் 10 வாட் கருவி, எதிரில் இருப்பவரிடம் 1 வாட் கருவி என்றால், நான் கத்துவது அவருக்குக் கேட்கும். அவர் சொல்வது எனக்குக் கேட்காது. பதில் வராத பேச்சால் என்ன பயன்? உயரமும் நல்ல ஆன்டெனாவும் அப்படியல்ல. அவை பேசும்போதும் உதவும், கேட்கும்போதும் உதவும். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொருத்தமான கால் அலைநீளக் கம்பி அரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும். கருவியோடு வரும் ரப்பர் குச்சியோ ஒரு சாண். சட்டைப்பையில் குத்தக்கூடாது என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. அந்தக் குச்சியையும் இடுப்பு வாரில் செருகிக்கொண்டு, மைக்கை மட்டும் வாயருகே பிடித்துப் பேசினால், நீர் நிறைந்த நம் உடலே அலையில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். கருவியைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பேசினாலும் இழப்புதான். முகத்துக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்தாலே, காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வாட்டைவிட அதிகம் கிடைத்துவிடும்.

சேலத்தைச் சுற்றி மலைகள். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. வானொலிக்கு இவை பகையும் உறவுமாக இருக்கின்றன. சேலம் உருக்காலைப் பக்கத்தில் நின்றுகொண்டு கஞ்சமலைக்கு அப்பால் உள்ள கிராமத்தோடு கையடக்கக் கருவியில் பேச நினைத்தால், எத்தனை வாட் வைத்திருந்தாலும் மலை குறுக்கே நிற்கும். ஏற்காடு சாலையின் இருபது கொண்டையூசி வளைவுகளில் கீழும் மேலுமாகச் செல்லும் இரு வண்டிகள் தமக்குள் பேச முயன்றாலும் இதே கதை. ஆனால், சேர்வராயனின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேல். சேலம் சமவெளியோ முந்நூறுக்கும் கீழ். அங்கே நிற்பவரின் தொடுவானம், மேற்சொன்ன வாய்பாட்டின்படி, ஏறத்தாழ 150 கி.மீ. நாமக்கல் சமவெளி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பெரிய அமைப்புகள் உயரமான இடங்களில் 'ரிப்பீட்டர்' எனப்படும் மறுபரப்பிகளை நிறுவுவது இதற்காகத்தான். கீழே இருவர் ஒருவரையொருவர் பார்க்க முடியாவிட்டாலும், இருவரும் மலையைப் பார்க்க முடிந்தால் போதும். கோடை பண்பலை இத்தனை மாவட்டங்களில் ஒலிப்பதற்கு அதன் 10 கிலோவாட் திறன் மட்டும் காரணமல்ல. கொடைக்கானல் மலையும் காரணம். அதே பரப்பியைக் கீழே சமவெளியில் வைத்திருந்தால், இத்தனை தொலைவு கேட்டிருக்காது.

மலையோ கட்டடமோ மறைக்காத பெருவெளி கடல். அங்காவது திறன் கைகொடுக்குமா என்று கேட்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்து சென்றபோது, தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போயிருந்தவர்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். புயல் வேகமாக உருவாயிற்று. எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் ஏராளமான மீனவக் குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன. அப்போது எழுந்த குரல்களில் ஒன்று, படகுகளுக்கு இன்னும் வலுவான வயர்லெஸ் கருவிகள் வேண்டும் என்பது. கோரிக்கையின் நியாயத்தில் ஐயமில்லை; ஆனால், வலு என்பதை வாட் என்று புரிந்துகொண்டால் கணக்கு தவறிவிடும். கடல்சார் வி.எச்.எஃப். கருவிகளில் கையடக்கமானவை 5 வாட் அளவிலும், படகில் பொருத்துபவை 25 வாட்டிலும் இயங்குகின்றன. படகின் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 8 கி.மீ. கரையில் 100 மீட்டர் கோபுரம் இருந்தால் அதற்கு 41 கி.மீ. இரண்டும் சேர்ந்து 50 கி.மீ.யைத் தொடவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் படகுக்கு 25 வாட்டும் 250 வாட்டும் ஒன்றுதான். இடையில் நிற்பது கடலின் வளைவு. ஆழ்கடலுக்குத் தேவை வானத்தில் ஒரு மறுபரப்பி. அதனால்தான் பின்னாளில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கருவிகள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதை எட்டச் செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் சில வாட்களே போதும், குறுக்கே எதுவும் இல்லை என்பதால். வாயேஜர் விண்கலம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து நமக்குச் செய்தி அனுப்புவது ஏறத்தாழ 23 வாட் பரப்பியால்தான். அதைக் கேட்க பூமியில் 70 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனாக் கிண்ணத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

1912-இல் டைட்டானிக்கில் இருந்த மார்க்கோனி கருவி 5 கிலோவாட் திறன் கொண்டது; அன்றைய கப்பல்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று. உதவிக்கு வந்த கார்பேத்தியாவைவிட அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் வானொலி இயக்குபவர் கருவியை அணைத்துவிட்டு உறங்கப் போயிருந்தார். கேட்பவர் இல்லாத இடத்தில் ஐந்து கிலோவாட் இருந்தென்ன?

திறனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடர்பின் விளிம்பில், சொற்கள் பாதி புரிந்தும் பாதி இரைச்சலாகவும் வரும் இடத்தில், சிறிது கூடுதல் திறன் புரியாத சொல்லைப் புரிய வைக்கும். நெருப்பு அணைக்கும் வீரர் கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு தளமும் அலையைப் பன்மடங்கு மெலியச் செய்கிறது. அங்கே அரை வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர்வேறுபாடு. ரயில்வே 5 வாட்டைத் தேர்ந்ததும் காரணமில்லாமல் அல்ல. அறுநூறு, எழுநூறு மீட்டர் நீளமுள்ள வண்டியின் இரு முனைகளுக்கிடையே, இரும்புப் பெட்டிகளும் வளைவுகளும் குறுக்கே இருந்தாலும் பேச்சு உடையக்கூடாது. அதற்கு வேண்டிய அளவும், சற்றுக் கையிருப்பும் அதில் இருக்கின்றன. நிலைய அதிகாரியின் மேசையில் இருக்கும் 25 வாட் கருவிக்குக் கூரைமேல் ஆன்டெனாவும் உண்டு. கூடுதல் வாட்டுக்கு மின்கலமும் விலை கொடுக்கிறது. 5 வாட்டில் பேசும் கருவி ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. விழாவின் முதல் இரவிலேயே அடங்கிவிடும் கருவி, மறுநாள் தொலைந்த குழந்தையைத் தேட உதவாது.

இதுவரை சொன்னது வாங்குபவருக்குக் கிடைக்கும் பயனின் கணக்கு. பிறர் தலையில் விழும் செலவின் கணக்கு வேறு. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம் உச்சத்தில் ஒலிக்கும்போது, ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சற்று உரக்கப் பேசுகிறார். அது அடுத்தவருக்கு இடையூறு. அவரும் உரக்கப் பேசுகிறார். கால் மணி நேரத்தில் மண்டபமே கத்துகிறது. யாருக்கும் முன்னைவிடத் தெளிவாக எதுவும் கேட்பதில்லை, தொண்டைதான் கட்டுகிறது. அலைவரிசையிலும் இதுவே நடக்கும். எல்லாரும் வாட்டை இரட்டிப்பாக்கினால் எல்லாருடைய இரைச்சலும் இரட்டிப்பாகும். குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் கைப்பேசி இந்த ஞானத்தோடுதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கோபுரம் அருகில் இருந்தால், 'குரலைத் தாழ்த்து' என்று கோபுரமே கட்டளை இடுகிறது. கைப்பேசி தன் திறனைக் குறைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கானோர் சில அலைப்பட்டைகளைப் பகிர்ந்துகொள்ள முடிவதற்கு அந்த அடக்கமும் ஒரு காரணம்.

பொருளியலாளர் ரொனால்டு கோஸ் (1991-இல் நோபல் பரிசு பெற்றவர்) 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அலைவரிசை ஒதுக்கீட்டைப் பற்றியதுதான். அலைவரிசைக்கு உரிமையை வரையறுத்து விலை வைத்துவிட்டால், இடையூறுப் பிரச்சினையைச் சந்தையே தீர்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அது பொருந்தலாம். ஆடித் திருவிழாத் தன்னார்வலர் பக்கத்து ஊர்த் தன்னார்வலரோடு பேரம் பேசி அலைவரிசை வாங்கப் போவதில்லை. அந்த இடத்தில் 'இதற்கு மேல் கத்தாதே' என்ற எளிய விதியே மலிவானது என்பது என் கருத்து.

இந்தியச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறது. வானொலித் தொடர்புக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம் என்பது 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வகுத்த நிலை. 2018 விதிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தன. அந்தப் பட்டைக்கெனச் செய்யப்படும் கருவிகள் அரை வாட் அளவில் இயங்குபவை. ஆன்டெனாவைப் பெரும்பாலும் கழற்ற முடியாது. அவற்றுக்கும் அரசின் உபகரண வகை ஒப்புதல் இருக்க வேண்டும். எங்கள் இளைஞர்கள் பார்த்துவைத்திருந்த 8 வாட், 10 வாட் கருவிகளோ உரிமம் இல்லாமல் கையில் எடுக்கக் கூடாதவை. காவல்துறை போன்றவை பயன்படுத்தும் அலைவரிசைகளில் தெரிந்தோ தெரியாமலோ அவை நுழைந்துவிடக்கூடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் இத்தகைய விற்பனை குறித்து மின்வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா என்பதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். பெட்டியில் வாட்டைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள் அதைப் பொடி எழுத்தில்கூடப் போடாததுதான் எனக்கு வியப்பு. தரத்தை அளக்கத் தெரியாத சந்தையில், புரிகிற ஒரே எண்ணைப் பார்த்துத்தான் மக்கள் வாங்குவார்கள். உரத்துக்கு மூட்டை எடை, துணிக்கு மீட்டர், வாக்கி-டாக்கிக்கு வாட்.

குழுவில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போயிருப்பார்கள். நண்பர் சொன்ன யோசனையை மட்டும் முன்வைத்தேன். உரிமம் தேவைப்படாத அரை வாட் கருவிகள் பத்து வாங்கினோம். நான்கு தெருக்களும் பார்வைக்குக் கிட்டும் ஒரு மூன்றடுக்கு வீட்டின் மொட்டை மாடியில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, ஒரு மாணவரை நிறுத்தினோம். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நேரே எட்டாத செய்தி அவரிடம் போகும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நண்பரின் சொற்களில் அவர்தான் எங்கள் சேர்வராயன் மலை.

விழாவின் இரண்டாம் நாள் மாலை ஒரு சிறுவன் தவறிப்போனான். மாடியிலிருந்து சட்டையின் நிறம் ஒன்பது கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டது. வளையல் கடை ஒன்றின் அருகே நின்றிருந்த அவனைத் தாயிடம் ஒப்படைக்கப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. மிச்சப்பட்ட பணத்தில் கூடுதல் மின்கலங்கள் வாங்கினோம். மாடியில் வெயிலில் நின்ற அந்த மாணவருக்கு மணிக்கொரு முறை நீர்மோர் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைப் பொருளாளர் என்ற முறையில் என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அதற்கும் அதே நாற்பத்தைந்து படிகள்.